உப்புக் காற்றும் சுவாசமும்

போலந்து நாட்டிலே, கிராக்கோ நகருக்கு அணித்தாக, வியலிச்கா என்னும் பழைய உப்புச் சுரங்கம் ஒன்று உண்டு. அங்கே வைத்தியராகப் பணியாற்றிய பெலிக்ஸ் பொச்கொவ்ஸ்கி, சுரங்கத்தின் உப்புக் காற்று சுவாச நோயாளர்க்கு நலந்தரும் எனக் கருதி, 1843இல் நூல் ஒன்றும் வெளியிட்டார். அக்கருத்தின் வழிவந்ததே இக்காலத்து உலர் உப்புச் சிகிச்சை.

மூடிய அறையொன்றில், பொறியொன்று உப்பை நுண்டுகளாக அரைத்துக் காற்றிற் பரப்பும். அங்கு அமர்ந்திருப்போர் அதனைச் சுவாசிப்பர். ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஐந்து பங்கிலும் சிறிய துகள்களே நுரையீரலின் ஆழத்தைப் பெரிதும் சென்றடைவன. உப்பு நீரை ஈர்க்கும் இயல்பினது. ஆதலின் இறுகிய சளி இளகி வெளிப்படும் என்பது இம்முறையை ஆதரிப்போர் கூறும் காரணம்.

காரணம் பொருத்தமாகத் தோன்றினும் சான்று போதாது. தொய்வு நோய்க்கு நிலத்தடிக் குகைகளிலும் சுரங்கங்களிலும் செய்யப்பெற்ற சிகிச்சையை 2001இல் ஆராய்ந்தோர், அதன் பயனை நிறுவத்தக்க சான்று இல்லை என முடிவு கூறினர். அன்றியும், செறிந்த உப்பு சிலருக்குச் சுவாசக் குழாய்களைச் சுருக்கி மூச்சுத்திணறலை உண்டாக்கவும் கூடும்.

ஆகவே, உப்பறை இளைப்பாறுதற்கு உதவலாம். வைத்தியர் விதித்த மருந்துக்கு அது மாற்றாகாது. சிறிது ஆறுதல் கண்டதும் மருந்தைக் கைவிடுவோர்க்கு அடுத்த இழுப்பு உயிருக்கே ஆபத்தாய் முடியலாம்.