முடிவிலித் தொடரும் விடுபட்ட எச்சமும்

பெங்களூருக்குத் தெற்கே, ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது எலெக்ட்ரானிக் சிட்டி. கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1978-ஆம் ஆண்டில் கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் ஆகிய சிற்றூர்களில் 332 ஏக்கர் நிலத்தில் இந்நகரை நிறுவியது. இன்று கணிப்பொறித் தொழிலகங்களும், 1999-இல் தோன்றிய சர்வதேசத் தகவல் தொழில்நுட்பக் கழகமும் இங்கே இயங்குகின்றன. இங்குள்ள பொறிகள் ஒரு நொடிக்குள் கோடிக்கணக்கான கணக்குகளைச் செய்து முடிக்கின்றன. அவ்வாறிருக்க, பொறியியல் பயிலும் மாணவர் திசையன், வளைகோடு, முடிவிலித் தொடர் ஆகியவை பற்றிய வீட்டுக் கணக்குகளைத் தம் கையால் செய்து பார்ப்பது எதற்காக? இக்கேள்விக்கு விடை காண, அத்தகைய கணக்கு ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

வளைவில் செல்லும் வண்டி

ஓசூர் சாலையின் மீது 2010-இல் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலச் சாலை திறக்கப்பட்டது. அத்தகைய சாலையொன்றில் 200 மீட்டர் ஆரமுடைய வட்ட வளைவு இருப்பதாகவும், அதில் ஒரு வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகவும் கொள்வோம். வண்டியின் வேகம் மாறவில்லை. ஆயினும் திசை கணந்தோறும் மாறுகிறது. வேகமும் திசையும் சேர்ந்ததே திசைவேகம் என்னும் திசையன். ஆகவே வண்டிக்கு முடுக்கம் உண்டு. அது வட்டத்தின் மையத்தை நோக்கியது. வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் அதன் அளவு கிடைக்கும். நொடிக்கு 16.67 மீட்டர் என்னும் வேகத்திற்கு இது 1.39 ஆகும். வளைவுகளில் சாலையின் வெளிவிளிம்பைச் சற்று உயர்த்தி அமைப்பது இதன் பொருட்டே.

வண்டி வளைவின் வழியே 100 மீட்டர் சென்றபின், அது முதலில் நோக்கிய திசையில் எவ்வளவு முன்னேறியிருக்கும்? மையத்தில் அடங்கிய கோணம் அரை ரேடியன். ஆகவே விடை, 200-ஐ அக்கோணத்தின் ஸைன் மதிப்பால் பெருக்கி வருவது. இந்த ஸைன் மதிப்பை எங்ஙனம் பெறுவது? இங்கேதான் முடிவிலித் தொடர் வருகிறது. கோணத்திலிருந்து அதன் கனத்தில் ஆறில் ஒரு பங்கைக் கழித்து, ஐந்தாம் அடுக்கில் 120-இல் ஒரு பங்கைக் கூட்டினால் 0.479427 கிடைக்கிறது. வண்டி முன்னேறிய தூரம் 95.885 மீட்டர்.

தொடரோ முடியவில்லை, நாம்தாம் நிறுத்தினோம். விட்டது எவ்வளவு? கூட்டலும் கழித்தலும் மாறிமாறி வந்து, உறுப்புகள் சிறுத்துக்கொண்டே போகும் தொடரில், விடுபட்ட எச்சம் அடுத்த உறுப்பைவிட மிகாது. நம் கணக்கில் அது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கே. இதை அறிந்த பின்னரே விடையை நம்பலாம்.

பொறி காட்டும் பொய்

ஒன்று, அரை, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று எனக் கூட்டிக்கொண்டே போகும் தொடரை நோக்குவோம். மூன்றில் ஒன்றும் நான்கில் ஒன்றும் சேர்ந்தால் அரையைவிட மிகும். அடுத்த நான்கு உறுப்புகளும் அவ்வாறே. அதற்கடுத்த எட்டும் அவ்வாறே. அரைகள் முடிவின்றி வருவதால் தொடரின் கூட்டுத்தொகைக்கு எல்லையில்லை. இதனைப் பிரான்ஸ் நாட்டு அறிஞர் ஒரேம் 14-ஆம் நூற்றாண்டிலேயே நிறுவினார்.

ஆனால், எண்ணொன்றுக்கு 32 பிட்டுகளை ஒதுக்கும் வழக்கமான முறையில் இதனைக் கணிப்பொறியிடம் கொடுத்தால், ஏறத்தாழ 21 லட்சம் உறுப்புகளுக்குப் பின் கூட்டுத்தொகை 15.40 என்னும் அளவில் அசையாது நின்றுவிடுகிறது. அம்முறையில் ஏறத்தாழ ஏழு இலக்கங்களே நிற்குமாதலால், அதன்பின் வரும் சிற்றுறுப்புகள் கூட்டினும் ஒட்டுவதில்லை. கணிதம் அறியாதவர் இதனைத் தொடரின் விடையென்றே கொள்வார்.

மாதவர் கண்ட திருத்தம்

எச்சத்தை மதிப்பிடும் கலை நம் நாட்டுக்குப் புதிதன்று. கேரளத்துச் சங்கமகிராமத்தைச் சேர்ந்த மாதவர், 14-ஆம் நூற்றாண்டில் தோன்றியவர். ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றைக் கழித்து, ஐந்தில் ஒன்றைக் கூட்டி, இவ்வாறே செல்லும் தொடரின் நான்கு மடங்கு பை என்பது அவர் பெயரால் வழங்கும் முடிபு. ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் இதனைக் கண்டது இரண்டு நூற்றாண்டுகளுக்கும் பிற்பட்டே. இதற்குரிய விளக்கம் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் இயற்றிய யுக்திபாஷையில் உள்ளது.

இத்தொடர் மிக மெல்லக் குவிவது. பத்து உறுப்புகளைக் கூட்டினால் கிடைப்பது 3.04184, முதல் தசம இலக்கமே பிழை. மாதவர் வழியினர் இங்கே ஒரு திருத்தம் சொன்னார்கள். கடைசி வகுத்தி 19; அதற்கடுத்த இரட்டை எண் 20. அதன் பாதியாகிய 10-ஐ, அதன் வர்க்கத்தோடு ஒன்று கூட்டிய 401-ஆல் வகுத்து, நான்கு மடங்காக்கிச் சேர்த்தால் 3.1415902 கிடைக்கிறது. உண்மை மதிப்பு 3.1415927. ஐந்து தசம இலக்கங்கள் சரியாகிவிட்டன! பல லட்சம் உறுப்புகளைக் கூட்டிப் பெறவேண்டியதை ஒரு வகுத்தல் தந்துவிட்டது.

விடுபட்ட எச்சத்தின் விலை

எச்சத்தை மறந்தால் நேர்வதென்ன? பத்தில் ஒன்று என்னும் எளிய எண், கணிப்பொறியின் இரும முறையில் முடிவிலித் தொடராகிறது: 16-இல் ஒன்று, 32-இல் ஒன்று, 256-இல் ஒன்று, 512-இல் ஒன்று எனச் செல்லும். அமெரிக்கப் படையின் பேட்ரியட் ஏவுகணை அமைப்பு, நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணி, இத்தொடரை 24 பிட்டுகளில் வெட்டி நிறுத்தியது. ஒவ்வோர் எண்ணிக்கையிலும் விடுபட்டது ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்கினும் சற்றுக் குறைவே. ஆயினும் 100 மணி நேரத்தில் 36 லட்சம் எண்ணிக்கைகள் சேர்ந்து, பிழை 0.34 நொடியாயிற்று. அதற்குள் எதிரியின் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கும் மேல் கடந்துவிடும். 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அதனைத் தடுக்க இயலாமற்போய், 28 படைவீரர்கள் உயிரிழந்தனர்.

விடை காணும் வேலையைப் பொறிக்கு விட்டுவிடலாம். எங்கே நிறுத்தலாம், நிறுத்தினால் எவ்வளவு விடுபடும் என்று தீர்மானிப்பது மனிதர் கடமை. வீட்டுக் கணக்கில் மாணவர் இறுதி விடையோடு நின்றுவிடாமல், அதன் கீழே எச்சத்தின் அளவையும் ஒரு வரியில் எழுதிப் பழகுதல் நன்று. நாளை அவர் அமைக்கும் பொறியை நம்பி வாழ்வோருக்கு அவ்வொரு வரியே காப்பாகும்.