சண்டையும் வேண்டாம், மௌனமும் வேண்டாம்

வெளிமாநிலத்தில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு ஏதாவது ஒரு தகராறு வராமல் இருப்பதில்லை. மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் நம் வீட்டில் கசியும். வீட்டுக்காரர் டெபாசிட்டைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பார். ஊர்மொழி சரளமாக வராததால் நாம் வாய்மூடி இருந்துவிடுகிறோம். அல்லது பொறுத்துப் பொறுத்து ஒருநாள் வெடிக்கிறோம். இரண்டாலும் கசிவு நிற்பதில்லை.

ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் 1981-இல் வெளியிட்ட 'கெட்டிங் டு யெஸ்' என்ற நூல் வேறொரு வழியைச் சொல்கிறது. ஒருவர் வாயால் கேட்பது ஒன்று. அவருக்கு உண்மையில் வேண்டியது வேறொன்று. அந்த இரண்டாவதைத் தேடுங்கள் என்பதே அதன் சாரம்.

நாடுகளுக்கும் இது பொருந்தும். 1967 போரில் எகிப்தின் சினாய் தீபகற்பத்தை இஸ்ரேல் பிடித்தது. எகிப்து முழுவதையும் கேட்டது. இஸ்ரேல் ஒரு பகுதியையாவது விடமாட்டேன் என்றது. கோட்டை எங்கே போட்டாலும் ஒப்பவில்லை. ஆனால் எகிப்துக்கு வேண்டியது தன் மண். இஸ்ரேலுக்கு வேண்டியது பாதுகாப்பு. 1978 செப்டம்பரில் கேம்ப் டேவிட்டில் அதிபர் கார்ட்டர் 13 நாள் இரு தரப்பையும் வைத்துப் பேசினார். மண் எகிப்துக்கு, எல்லையோரம் அதன் பெரும்படை நிற்காது என்று முடிவாயிற்று. 1982 ஏப்ரலில் இஸ்ரேல் வெளியேறியது.

இனி நம் கசிவுக்கு வருவோம். மேல்வீட்டுக்காரர் "என் வீட்டில் கோளாறே இல்லை" என்றால், பெரும்பாலும் அவருக்குச் செலவைப் பற்றிய பயம். "எவ்வளவு ஆகும் என்று பிளம்பரைக் கூட்டி வந்து பார்ப்போமா?" என்று கேளுங்கள். கோபம் ஆறியபின் பேசுங்கள். முதலில் அவரை முழுக்கப் பேசவிடுங்கள். மொழி தடையானால் இருவருக்கும் வேண்டிய ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். ஒத்துக்கொண்டதை எழுதிக் கையெழுத்திடுங்கள்.

பேச்சு பலிக்கவில்லையென்றால், வழக்குப் போடும் முன்பே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து லோக் அதாலத்தை நாடலாம். கட்டணம் இல்லை. இரு தரப்பும் சம்மதித்தால் மட்டுமே தீர்வு. ஆனால் அந்தத் தீர்வுக்கு சிவில் நீதிமன்றத் தீர்ப்பின் பலம் உண்டு, மேல்முறையீடு கிடையாது. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவியும் உண்டு. அடிதடி, மிரட்டல் என்றால் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டுக் காவல் நிலையம் செல்லுங்கள்.

உற்றார் ஊரில் இருக்க, நள்ளிரவில் நாம் தட்டக்கூடியது பக்கத்து வீட்டுக் கதவைத்தான். வழக்கில் வென்று அந்தக் கதவை இழந்தால் நமக்கென்ன லாபம்?