கருவிகளுக்கேற்ற மின்னாக்கி

மின்சாரக் கம்பி இன்னும் எட்டாத மனையில் தச்சரும் கொல்லரும் விசைக்கருவிகளைக் கொண்டு வேலை செய்ய வேண்டுமாயின், மின்சாரத்தையும் உடன் கொண்டு செல்ல வேண்டியிருக்கிறது. அதற்கென அமைந்ததே ஜெனரேட்டர் என்று நாம் வழங்கும் சிறிய மின்னாக்கி. பெட்ரோல் எஞ்சின் காந்தத்தைச் சுழற்ற, அருகிலுள்ள கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்டறிந்த தத்துவமே இது. தத்துவம் எளிது, தக்கதைத் தேர்ந்தெடுப்பது அத்துணை எளிதன்று. சிறியதை வாங்கினால் கருவி பழுதாகும். பெரியதை வாங்கினால் எரிபொருள் வீணாகும். கடன் வாங்கித் தொழில் நடத்துவோருக்கு இரண்டுமே நஷ்டந்தான்.

முதலில், ஒரே சமயத்தில் ஓடவேண்டிய கருவிகள் எவை என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் மீதும் பொறித்துள்ள வாட் அளவைக் கூட்டுங்கள். மின்னாக்கியின் மீது பெரும்பாலும் கே.வி.ஏ. என்ற அளவே இருக்கும். இது வாட் கணக்கினின்றும் வேறானது. வழக்கமான கணக்கில் 5 கே.வி.ஏ. என்பது 4 கிலோவாட்டையே குறிக்கும். உச்ச அளவு, தொடர்ந்து தரும் அளவு என இரண்டு எண்கள் இருப்பின், பின்னதையே கணக்கில் கொள்க.

அடுத்து, மோட்டார்களில் இருவகை உண்டு என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். கையில் பிடித்து வேலை செய்யும் துளைக்கருவி, வட்ட ரம்பம் முதலியவற்றில் பெரும்பாலும் கார்பன் பிரஷ் உள்ள மோட்டார் இருக்கும். அது கிளம்புகையில் அதிகத் தொல்லை தருவதில்லை. காற்றழுத்தும் கம்ப்ரஸர், நீர் இறைக்கும் பம்பு ஆகியவற்றின் மோட்டாரோ, கிளம்பும் அக்கணத்தில், ஓடும்போது எடுப்பதைப்போல் மூன்று மடங்கும் அதற்கு மேலும் எடுக்கக்கூடும்.

ஓர் உதாரணம் காண்போம். 1,200 வாட் ரம்பம், 600 வாட் துளைக்கருவி, ஓடும்போது 1,100 வாட் எடுக்கும் கம்ப்ரஸர் ஆகிய மூன்றும் ஒருங்கே ஓடினால் 2,900 வாட் ஆகிறது. 4 கிலோவாட் மின்னாக்கிக்கு இது பொருத்தமான சுமையே. ஆனால் கம்ப்ரஸர் கிளம்ப மும்மடங்கு, அதாவது 3,300 வாட் வேண்டும் என்று கொள்வோம். மற்ற இரண்டும் ஓடிக்கொண்டிருக்கையில் அதைக் கிளப்பினால் தேவை 5,100 வாட்டாகிவிடும். எஞ்சின் திணறும், வோல்ட் தாழும், மோட்டார் சூடேறும். கம்ப்ரஸரை முதலில் கிளப்பினாலோ அதே மின்னாக்கி போதுமானது. ஆயினும் கம்ப்ரஸர் தானே நின்று மீண்டும் கிளம்பும் வகையானால், அவ்வேளையில் மற்றவற்றை நிறுத்த வேண்டும். இயலாதெனில் பெரியதையே வாங்க வேண்டும். பணம் கொடுக்குமுன் கம்ப்ரஸரை அதனுடன் இணைத்து இயக்கிப் பார்ப்பது உத்தமம்.

மலைப்பிரதேசங்களில் காற்றின் அடர்த்தி குறைவதால் எஞ்சினின் வலிமையும் குறையும். சிம்லாவைப் போல் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இழப்பு உண்டு. நீண்ட மெல்லிய கம்பியும் வோல்ட்டை விழுங்கும். 50 மீட்டர் தூரத்திற்கு 10 ஆம்பியர் செல்லும்போது, 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் ஏறத்தாழ 19 வோல்ட் போய்விடும், 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 8 வோல்ட்டுக்கும் குறைவாகவே போகும்.

இறுதியாக, உயிரைப் பற்றிய இரு செய்திகள். எஞ்சினின் புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடு நிறமும் மணமும் அற்றது. உணருமுன்னரே உயிரைக் கொள்ளை கொள்வது. மழை பெய்கிறதென்று மின்னாக்கியை அறைக்குள்ளோ தாழ்வாரத்திலோ வைத்தல் ஆகாது. வீட்டிற்கு வெளியே, சன்னலினின்றும் விலக்கி, தனிக் கூரையின் கீழ் வைக்க வேண்டும். மற்றொன்று, அதை வீட்டுச் சுவரின் பிளக்கில் செருகி மின்சாரம் ஏற்றுவது. அம்மின்சாரம் தெருக் கம்பிக்குச் சென்று, டிரான்ஸ்பார்மரில் பன்மடங்கு உயர்ந்து, மின்தடையை நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் தொழிலாளியைக் கொன்றுவிடலாம். ஆகவே கருவிகளை மின்னாக்கியின் சொந்தப் பிளக்கிலேயே இணையுங்கள்.

தேவையைக் கணக்கிட்டு வாங்கி, முறையறிந்து இயக்குவோருக்கு இச்சிறு யந்திரம் பல்லாண்டு உழைக்கும் துணையாகும்.