வெளுப்பது ஸ்டிக்கர் ஒட்டாத இடம்தான்

கால்டாக்ஸியாக ஓடிய சிவப்புக் கார் ஒன்று சில வருடம் கழித்து விலைக்கு வருகிறது. கதவில் இருந்த ஸ்டிக்கரை உரித்துவிட்டார்கள். ஆனாலும் கம்பெனியின் போன் நம்பரை ஓர் இலக்கம் விடாமல் படிக்க முடிகிறது. ‘ரேடியம் ஸ்டிக்கர் பெயின்ட்டைத் தின்றுவிட்டது’ என்பதுதான் இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் தீர்ப்பு. கதவருகே போய்ப் பார்த்தால் விஷயம் வேறு. நம்பர் இருந்த இடத்தில் சிவப்பு இன்னும் அடர்த்தியாக, ஷோரூமிலிருந்து வந்த நாளில் இருந்ததுபோல இருக்கிறது. சுற்றியுள்ள இடம்தான் வெளிறிக் கிடக்கிறது. பசை பெயின்ட்டை அரித்திருந்தால் எழுத்துகள் அல்லவா வெளுத்திருக்க வேண்டும்? கெடுத்தது வெயில். ஸ்டிக்கர் தான் மூடிய அளவுக்கு அதைத் தடுத்திருக்கிறது. ஆகவே ஸ்டிக்கருக்கு அடியில் எதைப் பூசலாம் என்று தேடுவதைவிட, ஸ்டிக்கர் இல்லாத பரப்பை எப்படிக் காப்பது என்று யோசிப்பதே பலன் தரும்.

இன்றைய கார்களில் நிறம் தரும் பூச்சுக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு இருக்கிறது. அதன் கனம் சுமார் 40, 50 மைக்ரான்; தலைமுடியின் பருமன்கூடக் கிடையாது. புற ஊதாக் கதிரை உறிஞ்சும் பொருள்களை அதில் கலந்திருப்பார்கள். வருடக்கணக்கில் வெயில் படப்பட அவை வலுவிழக்கும். பிறகு பளபளப்பு மங்கும், அடியிலுள்ள நிறமும் வெளுக்கும். சிவப்பு வண்டிகளில் இது சீக்கிரம் தெரியும். வெள்ளை வண்டியில் நிறம் வெளுப்பது அவ்வளவாகத் தெரியாது. அங்கே தெரிவது பெரும்பாலும் ஸ்டிக்கர் ஓரத்தில் சேர்ந்த அழுக்குக் கோடு. சென்னை சுமார் 13 பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் அங்கே நண்பகல் சூரியன் ஏறத்தாழ உச்சிக்கு நேரே நிற்கும். அந்த வெயிலை முழுதாக வாங்குவது கூரையும் பானட்டும்தான். கதவில் அது சாய்ந்தே விழுகிறது. ஸ்டிக்கர் தயாரிப்பாளர்களே படுக்கைவாட்டுப் பரப்புக்குக் குறைந்த உத்தரவாதம்தான் தருகிறார்கள். எனவே பானட்டில் போடும் ரேஸ் கோடு, என் கணக்கில், கதவில் ஒட்டும் பெயரைவிட ஆபத்தானது. போட்டே ஆக வேண்டும் என்றால் பானட்டை முழுதாக மூடிவிடுவது மேல்; நிற வித்தியாசம் பாகத்தின் விளிம்போடு நின்றுவிடும், நடுவில் கோடு விழாது.

பசைக்குப் பழியே இல்லையா என்றால், உண்டு. விலை மலிவான காலண்டர்டு ரக ஸ்டிக்கர், வெயிலில் சுருங்கும். அதை இளக்கமாக வைத்திருக்கும் பொருள் வெளியேற, விறைத்துப்போகும். நான்கு வருடம் கழித்து உரிக்கப் போனால் நகத்தளவு துண்டுகளாகப் பிய்ந்து வரும், பசை வண்டியிலேயே தங்கிவிடும். காஸ்ட் ரகம் இன்னும் மெல்லியது, சுருங்குவது குறைவு, விலை கூடுதல். டிங்கரிங் கடையில் பெயின்ட் அடித்த பாகம் தனிச் சிக்கல்: சரியாகப் பிடிக்காத பெயின்ட், ஸ்டிக்கரோடு சேர்ந்து பிரைமர் தெரிய உரிந்து வரும். புதிதாக அடித்த பெயின்ட்டிலிருந்து கரைப்பான் முழுதாக ஆவியாகும் முன் ஒட்டினால் கொப்புளம் கிளம்பும். ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும். இவையெல்லாம் உண்மையான சேதங்கள்தான். ஆனால் எதுவும் வெளுப்பு அல்ல.

முதலில் நன்றாக வேக்ஸ் போட்டுவிட்டு அதன்மேல் ஒட்டினால் இரட்டைப் பாதுகாப்பு கிடைக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. கிடைக்காது. வேக்ஸின் மேல் பசை பிடிக்காது, ஓரம் தூக்கிக்கொள்ளும், அதற்குள் மண் புகும். ஒட்டும் முன் வண்டியைக் கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, வேக்ஸை முழுதாக எடுத்துவிட வேண்டும். ஒட்டி முடித்த பிறகு, மூடப்படாத பரப்புக்கு வேக்ஸோ சீலன்டோ போட்டு, சில மாதத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். அதைவிடவும் நல்லது நிழலில் நிறுத்துவது, காசும் செலவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: ஸ்டிக்கரை வண்டியின் மேல் வைத்துப் பிளேடால் வெட்ட விடாதீர்கள். அந்தக் கீறல் கிளியர் கோட்டைத் தாண்டித் தகடு வரை இறங்கினால், மழைக்காலத்தில் துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

வெளுத்த பிறகு பாலிஷ் போட்டுச் சரிசெய்துகொள்ளலாம் என்பது பாதி உண்மை. மங்கிய மேல் படலத்தைத் தேய்த்து எடுத்தால் பளபளப்பு திரும்பும், வித்தியாசம் குறையும். ஆனால் தேய்த்து எடுப்பது அந்த 40, 50 மைக்ரானிலிருந்துதான். அடியிலுள்ள நிறமே மாறியிருந்தால் பாலிஷால் ஒன்றும் செய்ய முடியாது, மறுபடி பெயின்ட்தான். ஆகவே ஸ்டிக்கர் ஒட்டும் நாளிலேயே கழற்றும் நாளையும் குறித்து வையுங்கள். பானட்டிலும் கூரையிலும் உள்ளதை இரண்டு மூன்று வருடத்துக்குள், கதவில் உள்ளதை ஐந்து வருடத்துக்குள் எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது ஹேர் டிரையரால் மிதமாகச் சூடாக்கி, மெதுவாக இழுங்கள்; மிச்சப் பசைக்குத் தின்னரைத் தொடாதீர்கள், மறுபெயின்ட் அடித்த வண்டியில் அது நிறத்தையும் சேர்த்துக் கரைத்துவிடும்.