காக்கையையும் எண்ணுங்கள்!

பொங்கல் என்றால் கரும்பு, மஞ்சள் கொத்து, புதுப்பானை, மாட்டுக்கு அலங்காரம். இவை நாம் அறிந்தவை. தமிழ்நாட்டில் 2015-ஆம் ஆண்டு முதல் பொங்கலோடு இன்னொரு காரியமும் சேர்ந்துகொண்டது. போகி முதல் காணும் பொங்கல் வரை நான்கு நாட்கள், பறவை ஆர்வலர்கள் தங்கள் ஊர்ப் பறவைகளை எண்ணிக் குறித்து வருகிறார்கள்!

"காக்கையையும் மைனாவையும் எண்ணி என்ன ஆகப்போகிறது?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகின் கதையைக் கேட்டால் பதில் விளங்கும்.

ஆயிரம், ஒன்றான கதை

ஒரு காலத்தில் மாடு செத்துக் கிடந்தால் போதும், பாறுகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். சில மணி நேரத்தில் எலும்புதான் மிஞ்சும். இவ்வளவு மலிந்த பறவையை யார் எண்ணுவார்கள்?

ஆனால் 1990-களின் தொடக்கத்தில் விஞ்ஞானிகள் சிலர் சாலை சாலையாகச் சென்று எண்ணி, எழுதி வைத்தார்கள். 2000-ஆம் ஆண்டில் மறுபடியும் சென்று எண்ணியபோது திடுக்கிட்டார்கள். வீழ்ச்சி அதோடு நிற்கவும் இல்லை. 1992-ல் 1,000 வெண்முதுகுப் பாறுகள் இருந்தன என்றால், 2007-ல் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அவ்வளவு பெரிய நாசம்!

காரணம் என்ன? மாடுகளுக்குக் கொடுக்கப்பட்ட 'டைக்ளோபினாக்' என்ற வலி மருந்து. அந்த மருந்து உடம்பில் இருக்கும்போதே செத்த மாட்டைத் தின்ற பாறுகள், சிறுநீரகம் கெட்டு மடிந்தன. 2004-ல் வெளியான ஆராய்ச்சி இதைக் காட்டியது. 2006-ல் இந்தியாவில் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. பழைய கணக்கு கையில் இருந்ததால்தான் வீழ்ச்சியின் அளவு தெரிந்தது. தமிழ்நாட்டில் பாறுகள் இன்றும் கூடு கட்டி வாழும் முக்கியமான இடம் நீலகிரி மாவட்டத்தின் மாயாற்றுப் பள்ளத்தாக்கு.

பனங்காடைக்கு என்ன ஆயிற்று?

விஞ்ஞானிகள் ஒரு சிலர். ஊர்களோ லட்சக்கணக்கானவை. எல்லா ஊருக்கும் அவர்கள் போய் எண்ண முடியுமா? முடியாது. ஆகவே பொதுமக்கள் எண்ணுகிறார்கள். கைப்பேசி மூலம் 'இ-பேர்டு' என்ற பொதுக் கணக்கேட்டில் பதிகிறார்கள். நிபுணர்கள் அதைச் சரிபார்த்து, கூட்டிக் கழித்துப் பார்க்கிறார்கள்.

இப்படி 30,000-க்கும் மேற்பட்டவர்கள் தந்த 3 கோடி குறிப்புகளைக் கொண்டு, 13 அமைப்புகள் கூடி 2023-ல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. நெடுங்காலப் போக்கு தெரிந்த பறவைகள் 338 வகை. அவற்றில் 204 வகைகள் குறைந்திருக்கின்றன. 98 வகைகள் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. பெருகியவை 36 வகைகளே. மயில் பெருகியிருக்கிறது. குறைந்தவற்றில் ஒன்று, தந்திக் கம்பியில் உட்கார்ந்திருந்து, பறக்கும்போது நீலச் சிறகு மின்னும் நமது பனங்காடை! வெட்டுக்கிளியையும் வண்டையும் பிடித்துத் தின்று உழவருக்கு உதவும் பறவை அது. ஒரு வயலில் பனங்காடை இல்லாவிட்டால், "அடுத்த வயலில் இருக்கும்" என்று நாம் போய்விடுவோம். பல ஊர்க் கணக்கும் ஒன்று சேர்ந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது.

அண்டை மாநிலத்தின் சாதனை

கேரளத்தில் 2015 முதல் 2020 வரை 1,000-க்கும் மேற்பட்ட தொண்டர்கள் மாநிலம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டு எண்ணினார்கள். மழைக்காலத்தில் ஒரு தடவை, வறண்ட காலத்தில் ஒரு தடவை. சுமார் 3 லட்சம் பதிவுகள், 361 வகைப் பறவைகள்! எந்தப் பறவை எங்கே வாழ்கிறது என்று காட்டும் வரைபடமே தயாராகிவிட்டது. எந்தக் காட்டை, எந்த நீர்நிலையைக் காக்க வேண்டும் என்று கேட்டால், இனி ஊகத்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை.

நீங்களும் எண்ணலாம்

இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. வீட்டு வாசல், பள்ளிக்கூடத் தோட்டம், ஏரிக்கரை, எங்கே வேண்டுமானாலும் நில்லுங்கள். குறைந்தது 15 நிமிஷம் பாருங்கள். கண்ட பறவை ஒவ்வொன்றையும் எண்ணி எழுதுங்கள். தேதி, நேரம், இடம் ஆகிய மூன்றும் அவசியம். பெயர் தெரியாத பறவையை ஊகித்து எழுத வேண்டாம். கூட்டுக்கு அருகில் போகவும் வேண்டாம்.

அபூர்வப் பறவையை மட்டும் எழுதிவிட்டுக் காக்கையை விட்டுவிடாதீர்கள். பாறும் ஒரு காலத்தில் காக்கையைப் போல் எங்கும் இருந்த பறவைதான். அடுத்த பொங்கலுக்குப் பிள்ளைகளின் கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். வீட்டுப் பெரியவர்களும் கூட நின்று பெயர் சொல்லிக் கொடுக்கட்டும். இன்று எழுதும் கணக்குதான், இருபது வருஷம் கழித்து நம் பேரப்பிள்ளைகளுக்கு எது குறைந்தது என்று சொல்லும்.