வெள்ளைக்காரப் பாதிரியாரும் வெளிநாட்டு மாப்பிள்ளையும்

தொண்ணூறுகளில் ஜப்பானியக் கல்யாணத்தில் ஒரு வெளிநாட்டுக்காரர் தென்பட்டால், அவர் அநேகமாகப் பாதிரியார் அங்கியில்தான் இருப்பார். வார நாட்களில் எங்காவது ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பார். சனி, ஞாயிறுகளில் ஹோட்டல் தேவாலயத்தில் பைபிள் வாசித்து, மோதிரம் மாற்றிவைப்பார். இந்த வேலைக்கு வந்தவர்களில் பலர் முறைப்படி பட்டம் பெற்ற பாதிரியார்களே அல்ல. மணமக்களும் கிறிஸ்தவர்கள் அல்ல. ஜப்பானில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் இருந்தால் அதிகம். வெள்ளை கவுன், உயர்ந்த கூரை, ஆர்கன் இசை, நடுவில் ஒரு வெள்ளைக்கார முகம்: சினிமாவில் பார்த்த கல்யாணம் அப்படியே கிடைத்துவிட்டது. இன்று ஜப்பானியக் கல்யாணத்தில் வெளிநாட்டுக்காரர் மாப்பிள்ளையாகவே வந்து நிற்கிறார், அதுவும் குடும்பச் சின்னம் பொறித்த கறுப்புக் கிமோனோவில்.

இந்தக் கதைக்கு இன்னொரு பாதி உண்டு. அன்றைக்கு வெளிநாட்டில் போய்க் கல்யாணம் செய்துகொண்டவர்கள் ஜப்பானியர்கள். கியோத்தோவில் 1953-ல் மண உடை வாடகைக் கடையாகத் தொடங்கிய வதாபே நிறுவனம், 1973-லேயே ஹொனலூலுவில் கிளை திறந்தது. ஹவாய், குவாம் கடற்கரைகளில் அவர்களுக்காகவே தேவாலயங்கள் எழுந்தன. யென் பலமாக இருந்த காலம் அது. 2011 அக்டோபரில் ஒரு டாலருக்கு 75 யென்தான். 2024 ஜூலையில் அதே டாலர் 161 யென்னைத் தொட்டது. பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பும் திசை மாறியதற்கு இதைவிட எளிமையான காரணம் எனக்குத் தெரியவில்லை.

யென் மட்டும் காரணமில்லை. 1972-ல் ஜப்பானில் ஏறக்குறைய 11 லட்சம் திருமணங்கள் நடந்தன. 2023-ல் 4 லட்சத்து 75 ஆயிரத்துக்கும் கீழே. உள்ளூர் ஜோடிகளில் பலரும் பதிவோடு நிறுத்திக்கொண்டு, விருந்தே வேண்டாம் என்கிறார்கள். மண்டபங்கள் காலியாகக் கிடக்க, வெளியூர்க்காரருக்குக் கதவு தானாகத் திறந்தது. 2003-ல் ஆண்டுக்கு 52 லட்சம் வெளிநாட்டுப் பயணிகள் வந்த நாட்டுக்கு 2024-ல் 3 கோடியே 68 லட்சம் பேர் வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் கல்யாணப் பட்டுடன் வருபவர்களும் இருக்கத்தானே செய்வார்கள்?

வந்தவர்கள் கேட்பது என்ன? ஜப்பானியப் பெண்கள் தேவாலயத்து வெள்ளை கவுனை விரும்ப, ஹாங்காங், சிட்னி, கலிஃபோர்னியாவிலிருந்து வரும் பெண்களில் பலர் ஷின்டோ கோயிலைக் கேட்கிறார்கள். ‘ஆயிரம் வருஷத்துச் சடங்கு’ என்று விளம்பரங்களும் தூக்கிக் கொடுக்கின்றன. உண்மையில் பழைய ஜப்பானில் கல்யாணம் வீட்டில் நடந்தது. பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு ஊர்வலமாக அழைத்துப்போய், சாகே பகிர்ந்து குடித்தால் முடிந்தது. பட்டத்து இளவரசர் யோஷிஹித்தோ 1900 மே 10 அன்று அரண்மனைக் கோயிலில் மணம் செய்துகொண்டார். அதை ஒட்டி வகுத்த முறையை அடுத்த ஆண்டே ஹிபியா கோயில் பொதுமக்களுக்கும் நடத்திக் கொடுத்தது. 1923 பூகம்பத் தீயில் அந்தக் கோயில் எரிந்துபோனபோது, இம்பீரியல் ஹோட்டல் தன் கட்டடத்துக்குள்ளேயே ஷின்டோ மணத்துக்கு இடம் ஒதுக்கியது. ஆக, ஹோட்டலில் கல்யாணம் என்ற வழக்கம் ஷின்டோ கல்யாணத்தைவிட அப்படியொன்றும் இளையதல்ல. இதனால் சடங்கின் அழகு குறைந்துவிடாது; நூற்று இருபது வருஷமும் ஒரு வயதுதான்.

சடங்கு அரை மணி நேரம். பூசாரி தெய்வத்துக்கு மணச்செய்தியை அறிவித்ததும், சிவப்புப் பாவாடை போன்ற ஹகாமா உடுத்திய கோயில் பெண் சாகே ஊற்ற வருவாள். ஒன்றைவிட ஒன்று பெரிதாக மூன்று தட்டைக் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று மிடறு. முதல் இரண்டு தடவை உதட்டில் ஒற்றினால் போதும், மூன்றாவதில்தான் குடிக்க வேண்டும். தெரியாதவர்கள் முதல் மிடறிலேயே கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு விழிப்பதும் நடக்கும். பிறகு வெள்ளைக் காகிதம் கட்டிய சகாகி மரக்கிளை. அதை வலப்பக்கமாகச் சுழற்றி, காம்பு தெய்வத்தைப் பார்க்கும்படி வைத்துவிட்டு, இரண்டு முறை வணங்கி, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒரு முறை வணங்க வேண்டும். உறுதிமொழியைப் பழைய நடை ஜப்பானியத்தில் மாப்பிள்ளை வாசிப்பார். பெண் கடைசியில் தன் பெயரை மட்டும் சொல்வாள். முன்பு மொழி தெரியாதவர் இங்கேதான் மாட்டிக்கொள்வார். இப்போது ரோமன் எழுத்தில் அச்சடித்துக் கொடுத்து ஒத்திகையும் பார்க்கிறார்கள். சில ஜோடிகள் உறுதிமொழியை இருவருமாகப் பாதி பாதி வாசித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த மாற்றம் பிடித்திருக்கிறது.

இவ்வளவும் நடந்தாலும் சட்டத்தின் கண்ணில் கல்யாணம் நடக்கவில்லை. அன்றும் இன்றும் மாறாத இடம் ஒன்று உண்டென்றால் அது நகராட்சி அலுவலகக் கவுன்ட்டர்தான். மனுப் படிவம் ஜப்பானியத்தில். பதினெட்டு வயது நிரம்பிய இரண்டு சாட்சிகளின் கையெழுத்து வேண்டும். எந்த நாட்டவராகவும் இருக்கலாம். அவரவர் நாட்டுச் சட்டப்படி மணம் செய்துகொள்ளத் தடையில்லை என்று தூதரகத்தில் வாங்கிய சான்றிதழ், அதற்கு மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவர் பெயர், பாஸ்போர்ட். 2021-ல் படிவத்தில் முத்திரைக் கட்டாயத்தை நீக்கியதுதான் சமீபத்தில் வந்த பெரிய சலுகை. ஊழியர் ஒவ்வொரு எழுத்தையும் விரல் வைத்துப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வருவார். பூவும் இல்லை, இசையும் இல்லை. மனு ஏற்கப்பட்ட சான்று 350 யென். சட்டம் போட்டு மாட்டும்படியான அலங்காரத் தாளில் வேண்டுமென்றால் 1,400 யென்.

இந்திய ஜோடிக்கு இன்னொரு முடிச்சு. நம்முடைய 1969-ஆம் ஆண்டின் வெளிநாட்டுத் திருமணச் சட்டப்படி தூதரகத்தில் மணம் செய்ய, இருவரில் ஒருவராவது அந்த வட்டாரத்தில் 30 நாளாவது தங்கியிருந்து அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பத்து நாள் விடுப்பில் போகிறவர்களுக்கு இது ஒத்துவராது. ஊரிலேயே பதிவை முடித்துக்கொண்டு, அங்கே சடங்கை மட்டும் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

பணக் கணக்கு இன்னொரு விதம். ஜப்பானிய விருந்துக்குச் சராசரியாக 30 லட்சம் யென்னுக்கு மேல் ஆகும். அதில் பெரும்பகுதியை விருந்தினரே ஈடுகட்டிவிடுவார்கள்: ஆளுக்கு 30,000 யென், புத்தம்புது நோட்டாக, முடிச்சுப் போட்ட உறையில். நம் மொய்க் கவருக்குச் சகோதரி. இருபது பேரோடு வரும் வெளிநாட்டு ஜோடிக்கு அந்த மொய் கிடையாது. விமான டிக்கெட்டுக்குச் செலவழித்த விருந்தாளியிடம் உறையை எதிர்பார்க்கவும் முடியாது. அதனால் ‘சிறிய கல்யாணம்’ என்ற தனிச்சரக்கை மண்டபங்கள் இப்போது விற்கின்றன. ஒன்றில் மட்டும் பழைய பிடிவாதம் தொடர்கிறது: சொந்தப் புகைப்படக்காரரையோ வெளியில் வாங்கிய உடையையோ கொண்டுவந்தால் பல மண்டபங்களில் தனிக் கட்டணம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் இந்த ஒரு வரியைத் தேடிப் படிக்க வேண்டும்.

சடங்கே வேண்டாம், படம் போதும் என்று வருகிறவர்கள் இன்னொரு கூட்டம். கிமோனோவை வாடகைக்கு எடுத்து, தலை அலங்காரம் செய்துகொண்டு, கியோத்தோவின் சந்தொன்றில் இரண்டு மணி நேரம். சடங்கைவிட மலிவு, யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் முதலில் தோன்றும். கியோன் பகுதியில் குடியிருப்பவர்கள் வேறு மாதிரி நினைத்தார்கள். 2019-ல் தங்கள் தனியார் சந்துகளில் படமெடுக்கத் தடை, மீறினால் 10,000 யென் என்று பலகை வைத்தார்கள். 2024-ல் சந்துக்குள் நுழையவே தடை வந்தது. முன்பு ஜப்பானியப் புதுமணப் பெண்ணை வேடிக்கை பார்த்தவர்கள் பயணிகள். இப்போது வேடமிட்டு வரும் பயணிகளைப் பார்த்துச் சலித்திருப்பவர்கள் ஊர்க்காரர்கள்.

நாள் குறிப்பதிலும் தலைவலி உண்டு. எல்லோருக்கும் செர்ரி பூ வேண்டும். ஒரு வருஷம் முன்பே தேதி குறித்துப் பணம் கட்டுவார்கள்; பூவோ அந்த வருஷக் குளிரைப் பொறுத்து முன்னும் பின்னுமாகப் பூக்கும். நவம்பர் சிவப்பு இலைக்கும் இதே கதி. கூடவே ஜப்பானிய நாட்காட்டியில் ஆறு நாள் சுழற்சி ஒன்று ஓடுகிறது: தையான் சுபநாள், புட்சுமெட்சு ஆகாத நாள். தையான் வாரக்கடைசிகளை உள்ளூர்க்காரர்கள் முந்திக்கொள்வார்கள். புட்சுமெட்சுவில் மண்டபங்கள் தள்ளுபடி தரும். வெளிநாட்டு ஜோடிகள் அதைச் சந்தோஷமாக எடுத்துக்கொள்கிறார்கள். நம் வீடுகளிலிருந்து போகிறவர்கள் புறப்படுமுன் பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அங்கே ஆகாத நாள் இங்கே வளர்பிறை முகூர்த்தமாக அமைந்தால், பாட்டிக்கும் திருப்தி, பில்லும் குறைவு.