உஷார்! நைட்ரேட் டியூப் சிவந்திருந்தால் மீன் வாங்கக் கிளம்பாதீர்கள்

புதிதாக மரைன் டேங்க் வைத்து, உப்பு கலந்து, பாறை அடுக்கி, ஒரு மாதமாகக் காத்திருப்பவர்களுக்கு அவசரமாக ஒரு விஷயம். அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம் என்று பார்த்ததுமே ஞாயிற்றுக்கிழமை சென்னை கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போய் க்ளவுன் மீன் ஜோடி வாங்கி வந்துவிடாதீர்கள். நைட்ரேட் காட்டும் மூன்றாவது டியூபையும் பாருங்கள். அது ரத்தச் சிவப்பாக இருந்தால் அந்தத் தண்ணீர் இன்னும் தயாராகவில்லை. "சைக்கிள் முடிஞ்சிருச்சு சார், தாராளமா விடுங்க" என்று கடைக்காரரே சொன்னாலும் பொறுத்திருங்கள்.

சைக்கிள் என்பது பாக்டீரியாக்களின் வேலை. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக்கும். அதற்கு அப்பால் புது டேங்கில் ஏறக்குறைய எதுவும் நடக்காது. நைட்ரேட்டை வாயுவாக்கி வெளியேற்றும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜன் எட்டாத பாறையின் உள்துளைகளில்தான் வளரும். அவை நிலைகொள்ள மாதக்கணக்கில் ஆகும். அதுவரை உண்டான நைட்ரேட் அத்தனையும் டேங்கிலேயே கிடக்கும்.

எவ்வளவு உண்டாகும் என்பதற்கு நேரான கணக்கே இருக்கிறது. 1 பி.பி.எம். அம்மோனியா முழுதாக மாறினால் சுமார் 3.6 பி.பி.எம். நைட்ரேட். பாட்டில் அம்மோனியாவை 2 பி.பி.எம். அளவுக்கு ஊற்றிச் சைக்கிள் செய்தவருக்கு 7 பி.பி.எம்.மை ஒட்டி வரவேண்டும். வந்தது 80 என்றால் மிச்சம் எங்கிருந்தோ வந்திருக்கிறது. அது எங்கிருந்து என்று கண்டுபிடிக்காமல் ஒரு மீனைக்கூட உள்ளே விடக்கூடாது.

முதலில் டெஸ்டையே சந்தேகப்படுங்கள். நைட்ரேட் கிட்டுகள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் நிறம் காட்டுகின்றன. தண்ணீரில் ஏற்கெனவே நைட்ரைட் இருந்தால் அதுவும் சேர்ந்து சிவக்கும், அளவும் பல மடங்கு ஏறித் தெரியும். சைக்கிளின் நடுவில் 100, 160 என்று பார்த்துப் பதறுகிறவர்களில் பலர் பார்ப்பது இந்தப் பொய் எண்ணைத்தான். நைட்ரைட் பூஜ்யமாகும்வரை நைட்ரேட் எண்ணை நம்பவேண்டாம்.

தலைகீழான தவறு இதைவிட ஆபத்து. ஏ.பி.ஐ. நிறுவனத்தின் நைட்ரேட் கிட்டில் இரண்டாவது பாட்டிலில் இருக்கும் பொடி அடியில் படிந்துவிடும். அதை 30 விநாடி பலமாகக் குலுக்கவேண்டும், சொட்டுகள் விட்டபின் டியூபை ஒரு நிமிடம் குலுக்கவேண்டும், பிறகு 5 நிமிடம் விட்டு நிறம் பார்க்கவேண்டும். குலுக்காமல் விட்டால் மஞ்சளாகவே நின்று, எல்லாம் சரி என்று காட்டிவிடும். 40க்கும் 80க்கும் சிவப்பில் வித்தியாசம் தெரியவில்லையா? டேங்க் தண்ணீர் ஒரு பங்குக்கு, பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் ஒன்பது பங்கு கலந்து டெஸ்ட் செய்து, வரும் எண்ணைப் பத்தால் பெருக்குங்கள். அந்த டிஸ்டில்டு வாட்டரையும் தனியாக ஒருமுறை டெஸ்ட் செய்துகொள்ளுங்கள்.

எண் உண்மைதான் என்று உறுதியானால், அடுத்து நீங்கள் ஊற்றிய தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். நம் ஊரில் பெரிய திருடன் இதுதான். குடிநீரிலேயே நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். தமிழ்நாட்டில் அதைத் தாண்டிய கிணறுகளும் போர்வெல்களும் உண்டு. செப்டிக் டேங்கும் உரமும் நிலத்தடி நீரில் இறங்குகின்றன. "நான் ஆர்.ஓ. தண்ணீர்தானே ஊற்றினேன்" என்பவர்கள் மெஷினைத் திறந்து பாருங்கள். வீட்டு ஆர்.ஓ. பலவற்றில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். தண்ணீர் சப்பென்று இருக்கக்கூடாது என்பதற்காக, மெம்பிரேன் வழியாகப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடுகிற வேலை அதனுடையது. குடிக்க அது நல்லதாக இருக்கலாம். டேங்குக்கு அதன் வழியாகவே நைட்ரேட் இறங்கிவிடும். கேன் தண்ணீரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். உப்பு கலக்கும் முன் ஒரு டியூப், கலந்தபின் ஒரு டியூப் டெஸ்ட் செய்தால் விஷயம் வெளிவந்துவிடும். கூவமும் அடையாறும் கலக்கிற கரையோரக் கடல்தண்ணீரைக் கேனில் பிடித்துவந்து ஊற்றும் யோசனை இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

இன்னொரு காரணம் அழுகல். சைக்கிளைத் தொடங்க மார்க்கெட் இறாலை உள்ளே போட்டு, அது கரைந்தே போகும்வரை விட்டுவைத்தவர்கள் டேங்கில் எண் எகிறத்தான் செய்யும். பாறையும் அப்படியே. காய்ந்து வந்த லைவ் ராக்கில் செத்த ஸ்பாஞ்சும் புழுக்களும் வாரக்கணக்கில் அழுகிக்கொண்டிருக்கும். மோந்து பாருங்கள், நாற்றம் அடித்தால் வெளியே எடுத்து, உப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேயுங்கள். மன்னார் வளைகுடாவிலிருந்து வந்த பாறை என்று யாராவது ரகசியமாக நீட்டினால் கையிலேயே தொடாதீர்கள். கடினப் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த பவளம் என்று சொல்லித் தப்ப முடியாது. அதற்கு மேல், அந்தக் கடலை நாம் போதுமான அளவுக்குச் சிதைத்துவிட்டோம்.

எண்ணைக் குறைக்கிறேன் என்று இப்போது வோட்கா, வினிகர், சர்க்கரை ஊற்றவே ஊற்றாதீர்கள். முதிர்ந்த டேங்கில் அனுபவசாலிகள் அளந்து செய்கிற வேலை அது. புது டேங்கில் பாக்டீரியா பொங்கித் தண்ணீர் பால்போல் கலங்கும், ஆக்சிஜன் சரியும். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் ஒரேயடியாகத் துடைத்துப் பூஜ்யமாக்கினால் டைனோ என்கிற கோழைப்பாசி வந்து உட்கார்ந்துகொள்ளும், அதை விரட்டுவது பெரும்பாடு. டாம்சல் மீனை விட்டுச் சோதித்துப் பார்க்கும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். அது வதை. பிழைத்த டாம்சல் பின்னால் வரும் மீன்களையெல்லாம் கடித்துத் துரத்தும்.

செய்யவேண்டியது வாட்டர் சேஞ்ச், அதுவும் பெரிதாக. வாரம் 10 சதவீதம் மாற்றினால் 80 என்பது 72 ஆகும், அவ்வளவுதான். பாதியை மாற்றினால் 40. 90 சதவீதம் மாற்றினால் 8. பாக்டீரியா போய்விடுமே என்று பயப்படவேண்டாம். அது குடியிருப்பது பாறையிலும் மணலிலும்தான், தண்ணீரில் மிகக் குறைவு. உள்ளே உயிர் எதுவும் இல்லாத இந்த ஒரு கட்டத்தில்தான் இவ்வளவு தாராளமாக மாற்ற முடியும். மீன் வந்தபின் இந்த வாய்ப்பு கிடைக்காது. பாறை காய்ந்துவிடாமல் வேகமாக வேலையை முடியுங்கள், புதுத் தண்ணீரின் உப்பும் சூடும் பழையதோடு ஒத்திருக்கட்டும், ஹீட்டரை முதலிலேயே அணைத்துவிடுங்கள்.

40 பி.பி.எம்.மில் க்ளவுன் மீன் நீந்திக்கொண்டுதான் இருக்கும், ஆள் ஏமாறுவதே அதனால்தான். இறாலும் அனிமோனும் பவளமும் அவ்வளவு தாங்காது. வெளிச்சம் கூடினால் பாறை முழுக்கப் பச்சை முடிப்பாசி மண்டும். மீன் மட்டும் வளர்ப்பவர்கள் 20க்குக் கீழே, பவளம் வைக்க நினைப்பவர்கள் 10க்குக் கீழே கொண்டுவந்துவிட்டு அடுத்ததை யோசியுங்கள்.

மாற்றிய மறுநாள் மூன்று டியூபையும் மறுபடி பாருங்கள். நைட்ரேட் தானாக ஏறியிருந்தால் உள்ளே இன்னும் ஏதோ அழுகுகிறது, தேடி எடுங்கள். ஏறவில்லை என்றால் ஒரு மீன், மிஞ்சினால் இரண்டு. தீனி ஒரு சிட்டிகை. முதல் வாரம் தினமும் அம்மோனியா டெஸ்ட். லேசாகப் பச்சை தட்டினாலும் தீனியை நிறுத்திவிட்டு, கலந்து தயாராக வைத்திருக்கும் உப்புத் தண்ணீரை எடுத்து மாற்றுங்கள்.